ஒரு செடிக்கு ஒரு துரு

(மேய்ச்சல் நிலக் களைகளைப் பூசணங்களால் அடக்குவது குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு முன்னால் கோப்பிதான் இருந்தது. 1869இல் அந்தக் கோப்பிச் செடிகளின் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மாவு படிந்திருப்பதைப் பார்த்தார்கள். தொட்டால் விரலில் ஒட்டும். பார்வைக்கு அவ்வளவுதான். அடுத்தடுத்த ஆண்டுகளில் இலைகள் கொட்டின, காய்ப்பு குறைந்தது, தோட்டம் தோட்டமாகக் கைவிட்டுப் போனார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் அங்கே அனுப்பப்பட்டார். நோய் எப்படிப் பரவுகிறது, எப்படி இலைக்குள் நுழைகிறது என்றெல்லாம் அவர் நுட்பமாகக் கண்டு எழுதினார். செடிகளைக் காப்பாற்ற மட்டும் அவரால் முடியவில்லை. கோப்பி போன மண்ணில் தேயிலை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் பழம் பறிப்பதை விட்டுக் கொழுந்து கிள்ளப் பழகியதற்கு அந்த ஆரஞ்சு மாவுதான் காரணம்.

அதற்குத் துருப் பூசணம் என்று பெயர். கோதுமைக்கு ஒரு துரு உண்டு, நிலக்கடலைக்கு ஒரு துரு உண்டு, மல்லிகைக்கும் உண்டு. ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிப் போடும் வலு அதற்கு இருக்கிறது. அந்த வலுவை நமக்குப் பிடிக்காத ஒரு செடியின் மேல் திருப்பிவிட்டால் என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தவர்களின் அனுபவத்தைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். பெரும்பாலான கதைகள் ஆஸ்திரேலியாவில் நடக்கின்றன. இந்த வேலையை மிகத் துணிந்து செய்தவர்களும், மிகக் கறாராகச் சோதித்தவர்களும் அவர்களே.

களை என்றதும் நமக்கு வயல் நினைவுக்கு வரும். வயலில் ஆள் வைத்துக் களை எடுக்கலாம், கருவி ஓட்டலாம், களைக்கொல்லி தெளிக்கலாம். விளைச்சல் அந்தச் செலவைத் தாங்கிக்கொள்ளும். மேய்ச்சல் நிலத்தின் கணக்கு வேறு. ஒரு ஹெக்டேர் காட்டுப்புல்லின் மதிப்பு, அதில் தெளிக்கும் மருந்தின் விலைக்கே காணாது. ஆஸ்திரேலியாவின் வடபுறத்தில் ஒரே குடும்பத்தின் கால்நடைப் பண்ணை ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்கு விரிந்து கிடக்கும். அதில் யார் போய்ச் செடி செடியாக மருந்தடிப்பது?

களை பரவுவதில் மாட்டின் பங்கும் உண்டு. மாடு தெரிந்துதான் மேயும். நல்ல புல்லைக் கரம்பிவிட்டுக் கசப்புச் செடியையும் முள்செடியையும் பால் வடியும் செடியையும் அப்படியே விட்டுவிடும். ஆகவே மேய மேயப் புல் பின்வாங்கும், களை முன்னேறும். மாட்டை அதிகம் விட்டால் இன்னும் வேகமாக நடக்கும்.

ஆனால் மனிதனுக்கு வசதிப்படாத இந்த நிலம் பூசணத்துக்கு வசதியானது. உழுவதில்லை. பூசணக்கொல்லி படுவதில்லை. செடிகள் ஆண்டு முழுவதும் நின்றுகொண்டிருக்கும். ஒருமுறை நோய் வேரூன்றிவிட்டால், காற்று கூலி வாங்காமல் அதைச் சுமந்து போகும்.

முதலில் 'ஸ்கெலிட்டன் வீட்' என்ற களை. எலும்புக்கூட்டுக் களை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தபின் இலையே இல்லாமல் கம்பி கம்பியாக நிற்கும். தாவரவியல் பெயர் கோண்ட்ரில்லா ஜன்சியா. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளிலும் மேற்கு ஆசியாவிலும் சாதுவாக இருந்த செடி. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கு 1910களில் வந்து சேர்ந்து, கோதுமையும் ஆட்டு மேய்ச்சலும் மாறி மாறி நடக்கும் நிலங்களில் பரவியது. வேர் ஆழமாக இறங்கும். உழுதால் வேர் துண்டாகும். ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். கோதுமையின் நீரையும் நைட்ரஜனையும் அடியிலேயே உறிஞ்சிவிடும். அறுவடை இயந்திரத்தில் அதன் தண்டு சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி அறுத்து எடுக்க வேண்டும்.

ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1966இல் ஃபிரான்சின் மோன்பெலியே நகரில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது. களையைப் பிறந்த வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நோக்கம். அங்கே அது ஏன் அடங்கிக் கிடக்கிறது, யார் அதை அடக்குகிறார்கள் என்று தேடினார்கள். சிலந்திப்பேன் ஒன்று கிடைத்தது, ஈ ஒன்று கிடைத்தது, ஒரு துருவும் கிடைத்தது. பக்சினியா கோண்ட்ரில்லினா என்று அந்தத் துருவுக்குப் பெயர்.

இங்கே துருவின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ரொட்டியில் பூக்கும் பூசணம் எதைக் கொடுத்தாலும் தின்னும். துரு அப்படியில்லை. அதற்கு உயிருள்ள செடி வேண்டும். செத்த இலையில் அது வாழாது. அதன் வித்து இலையில் விழுந்து, பனியின் ஈரத்தில் சில மணி நேரம் நனைந்து, முளைவிட்டு, இலைத்துளையைத் தேடி உள்ளே போகிறது. போய் உயிரணுவைக் கொல்லாமல் அதோடு ஒட்டி உறிஞ்சுகிறது. அந்தச் செடியின் எதிர்ப்பைத் தூண்டாமல் உள்ளே இருக்கப் பல ஆயிரம் ஆண்டுப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் பெரும்பாலும் ஒரு செடியோடுதான் வாய்க்கிறது. மிஞ்சினால் அதன் நெருங்கிய உறவு இரண்டு மூன்றோடு. கோதுமைத் துருவைக் கொண்டுபோய்க் கத்தரியில் தடவினால் ஒன்றும் நடக்காது.

களையை அடக்க நோயைத் தேடுபவனுக்கு இந்தக் குறுகிய பசி பெரிய வரம். ஆட்டை அவிழ்த்துவிட்டால் அது களையையும் தின்னும், கத்தரியையும் தின்னும். துரு தின்னாது. ஆனாலும் வாய்ச்சொல்லை நம்பி யாரும் ஒரு நோயைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். சோதிக்க வேண்டும். உலகில் உள்ள எல்லாச் செடிகளிலும் சோதிக்க முடியாது என்பதால், அதே மோன்பெலியேயில் இருந்த வாப்ஷியர் என்பவர் ஒரு முறையை வகுத்தார். 1974இல் அதை வெளியிட்டார். களைக்கு மிக நெருங்கிய உறவில் தொடங்கு. அங்கே நோய் பிடித்தால் அடுத்த சுற்று உறவுக்குப் போ. அங்கும் பிடித்தால் அதற்கடுத்த சுற்று. எந்தச் சுற்றில் நோய் நின்றுபோகிறதோ அதுதான் அதன் எல்லை. இன்றுவரை உலகெங்கும் இந்த வரிசையில்தான் சோதிக்கிறார்கள். எலும்புக்கூட்டுக் களைக்கு லெட்டூஸ் கீரை உறவு என்பதால், ஆஸ்திரேலியர்கள் லெட்டூஸை விட்டுவிட முடியாது என்பது உங்களுக்கே புரியும்.

தென் இத்தாலியில் வியெஸ்தே என்ற ஊரில் எடுத்த ஒரு துரு வகை தேறியது. 1971இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாகா வாகா பக்கம் அதை விட்டார்கள். களையை ஒழிக்கவென்று கண்டம் விட்டுக் கண்டம் திட்டமிட்டுக் கொண்டுபோன நோய்களில் அது முன்னோடி. சில மாதங்களிலேயே 300 கிலோமீட்டருக்கு அப்பால் துரு தென்பட்டது. களையின் தண்டெல்லாம் பழுப்புக் கொப்புளம். இளஞ்செடிகள் செத்தன, பெரிய செடிகள் விதை குறைந்து, வேரில் தெம்பில்லாமல் சோர்ந்தன. பொருளியலாளர்கள் பிற்பாடு கணக்குப் பார்த்து, செலவிட்ட பணத்துக்கு நூறு மடங்குக்கு மேல் பலன் என்றார்கள். வேளாண் ஆராய்ச்சியில் இப்படி ஒரு விகிதம் அபூர்வம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இத்தனை நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

எலும்புக்கூட்டுக் களை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை கட்டும். தாயின் அச்சு அப்படியே பிள்ளைக்கு வரும். ஒரு வகையைச் சேர்ந்த கோடிச் செடிகளும் ஒரே அச்சில் அறுத்த செங்கற்கள்தான். ஆஸ்திரேலியாவில் மூன்று வகைகள் இருந்தன: குறுகிய இலை, நடுத்தர இலை, அகல இலை. எங்கும் மண்டிக் கிடந்தது குறுகிய இலை வகை. வியெஸ்தேத் துரு அதைத்தான் தாக்கும். மற்ற இரண்டையும் அது தொடவேயில்லை. குறுகிய இலை அடங்கியதும் காலியான இடத்தில் மற்ற இரண்டும் பரவத் தொடங்கின. அதுவரை ஓரமாகச் சில இடங்களில் மட்டும் இருந்தவை அவை.

லெட்டூஸைத் தொடாது என்று எந்தக் குணத்தைப் பாராட்டினோமோ, அதே குணம் பக்கத்தில் நிற்கும் களையின் தங்கையையும் தொடாமல் விட்டுவிட்டது. பாதுகாப்பும் போதாமையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அதன்பின் நடுத்தர இலைக்கு வேறு துரு வகை தேடினார்கள், கொண்டுவந்தார்கள். முதல் துருவின் அதிரடி அவற்றுக்கு வாய்க்கவில்லை. களையின் பெயர் தெரிந்தால் போதாது, அதன் வகையும் தெரிய வேண்டும் என்பதைப் பெரும் பொருட்செலவில் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்து ரப்பர் கொடி. இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிர் ஊதாவில் எக்காளம்போல் பூக்கும், இலை பளபளக்கும், ஒடித்தால் பால் வடியும். நம் ஊர்களில் அழகுக்காக வைத்து, வேலிகளிலும் சாலையோரங்களிலும் தானாகவும் முளைத்திருக்கிறது. கிரிப்டோஸ்டீஜியா கிராண்டிஃப்ளோரா. சொந்த ஊர் மடகாஸ்கரின் தென்மேற்கு. அதன் குடும்பத்தைச் சொன்னால் நமக்கு இன்னும் நெருக்கம் தெரியும்: எருக்கும் அதே குடும்பம், நன்னாரி அந்தக் குடும்பத்திலும் அதே கிளை. காய் இரண்டிரண்டாகக் கொம்புபோல் இருக்கும். வெடித்தால் எருக்கம் பஞ்சைப் போலவே விதை பறக்கும், வெள்ளத்திலும் மிதந்து போகும்.

குயின்ஸ்லாந்துக்கு அது 1870களில் அழகுச் செடியாகப் போனது. சுரங்க ஊர்களில் வெட்டிக் கொட்டிய மண்மேடுகளை மறைக்கவும் வளர்த்தார்கள். ஆற்றோரம் போய்ச் சேர்ந்ததும் அதன் உண்மை முகம் தெரிந்தது. 30 மீட்டர் உயர மரத்தின் உச்சிவரை ஏறிப் போர்த்தி, மரத்தைக் கொன்றுவிடும். ஏற மரமில்லாத இடத்தில் தானே புதராக நிற்கும். மாடுகள் தண்ணீருக்குப் போக வழியிருக்காது. குதிரையில் போய் மந்தையைத் திரட்டவும் முடியாது. இலையில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு வேறு. 1990களில் சுமார் 7 லட்சம் ஹெக்டேரை அது பிடித்திருந்தது.

மடகாஸ்கரில் இதே கொடியின் இலைக்கு அடியில் மஞ்சள் துரு ஒன்று உண்டு: மராவாலியா கிரிப்டோஸ்டீஜியே. பன்னாட்டு உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி எவன்ஸ் அதை எடுத்து இங்கிலாந்தில் வைத்துச் சோதித்தார். இந்த இடத் தேர்வில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கண்ணாடி வீட்டிலிருந்து தப்பித் தவறி வெளியே போனாலும், இங்கிலாந்தின் குளிரில் ரப்பர் கொடியும் கிடையாது, அதன் நெருங்கிய உறவும் கிடையாது. துரு பட்டினியில் சாகும். வாப்ஷியரின் வரிசைப்படி உறவுச் செடிகளில் தடவிப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கே உரிய ஒரு நெருங்கிய உறவுச் செடியில், கண்ணாடி வீட்டின் சொகுசான ஈரத்தில், துரு கொஞ்சம் பிடித்தது.

இப்போது என்ன செய்வது? விதிப்படி நிறுத்திவிடலாம். குயின்ஸ்லாந்துக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். அந்த உள்ளூர்ச் செடி வாழும் ஆற்றோரக் காட்டையே ரப்பர் கொடி மூடிக்கொண்டிருக்கிறது; துருவால் வரக்கூடிய சிறிய தீங்கைவிடக் கொடியால் நடந்துகொண்டிருக்கும் தீங்கு பெரிது என்று எடை போட்டு, 1995இல் துருவை விட்டார்கள். என் பார்வையில் அது சரியான முடிவு. ஆபத்தே இல்லாத வழி என்று ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிராகரிப்பது எளிது; அங்கே அப்படி ஒரு வழி கையில் இருக்கவில்லை. ஆனால் இதே துருவை இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா என்று யாராவது கேட்டால், என் முதல் கேள்வி நன்னாரியைச் சோதித்தாயிற்றா என்பதாகத்தான் இருக்கும்.

துரு என்ன செய்தது தெரியுமா? முதிர்ந்த கொடியை அது நேரடியாகக் கொல்வது குறைவு. மழைக்காலத்தில் இலையைக் கொட்ட வைக்கும். கொடி மறுபடி துளிர்க்கும். துரு மறுபடி கொட்ட வைக்கும். பூவும் காயும் குறையும். இலை கொட்டியதால் கொடிக்கு அடியில் வெயில் விழுந்தது. வெயில் விழுந்த இடத்தில் புல் முளைத்தது. புல் வந்தபின்தான் அந்த நிலத்துக்குத் தீ வைக்க முடிந்தது. அதற்கு முன் கொடியின் அடர்ந்த நிழலில் எரிவதற்கு எதுவும் கிடையாது. ஏற்கெனவே தெம்பிழந்த கொடி அந்தத் தீயில் செத்தது. பண்ணைக்காரர்கள் மாட்டைக் கொஞ்ச காலம் வெளியே நிறுத்திப் புல்லை வளரவிட்டு, பிறகு கொளுத்தினார்கள். துரு பாதி வேலை செய்தது. மீதி வேலையைத் தெரிந்த கைகள் செய்தன. இதற்கும் பின்னாளில் கணக்குப் பார்த்தார்கள்: செலவுக்கு 108 மடங்கு பலன். மழை குறைந்த பகுதிகளில் துருவின் வேகமும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பார்த்தீனியத்துக்கு வருவோம். நமக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டாம். 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது, இன்று நம் தெருமுனை வரை வந்துவிட்டது. குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களிலும் அதே காலத்தில் நுழைந்தது. 1960இல் கிளெர்மான்ட் பகுதிக்கு டெக்சாஸிலிருந்து வாங்கிய புல் விதையோடு கலந்து வந்த பார்த்தீனியம்தான் அங்கே பெரிதாகப் பரவியது. ஆஸ்திரேலியர்கள் அதன் மேல் ஒன்பது பூச்சிகளையும் இரண்டு துருக்களையும் ஏவியிருக்கிறார்கள். ஒரே செடிக்கு ஏன் இரண்டு துரு? 1991இல் விட்ட முதல் துரு குளிர்ச்சி விரும்பி. இரவுக் குளிரும் நெடுநேர ஈரமும் இருந்தால்தான் வேலை செய்யும். பார்த்தீனியமோ கோடை மழையில்தான் கொழிக்கும். களை செழிக்கும்போது துரு தூங்கும். துரு விழிக்கும்போது களை விதைத்து முடித்திருக்கும். ஆகவே மெக்சிகோவின் வெப்பமான தாழ்நிலங்களிலிருந்து இன்னொரு துருவை எடுத்து, 1990களின் இறுதியிலிருந்து விடத் தொடங்கினார்கள். செடியின் வகையைப் போலவே ஊரின் வானிலையும் பொருந்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

பார்த்தீனியத்தின் உறவுகளில் சூரியகாந்தி ஒன்று. இந்தியாவில் 1984இல் பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகோ வண்டை பெங்களூருவில் விட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த வண்டு சூரியகாந்தி இலையில் உட்கார்ந்திருந்ததாகச் செய்தி வந்து பெரிய கலவரமாகிவிட்டது. பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலையில் படிந்திருந்ததுதான் வண்டை இழுத்தது என்று பிறகு விளங்கியது. இது பூச்சியின் கதை, பூசணத்தின் கதையல்ல. ஆனாலும் உழவர்களின் பயம் நியாயமான பயம். அதற்கு முன்கூட்டியே பதில் வைத்துக்கொள்ளாமல் வயலுக்குப் போகக் கூடாது.

நம் நாட்டில் நடந்த ஒரு துரு முயற்சியையும் சொல்ல வேண்டும். அசாமின் தேயிலைத் தோட்டங்களையும் கேரளத்தின் தோட்டங்களையும் காட்டோரங்களையும் மூடிக்கொண்டிருக்கும் மிகானியா என்ற தென்னமெரிக்கக் கொடிக்கு, டிரினிடாட் தீவிலிருந்து பக்சினியா ஸ்பெகாசினீ என்ற துருவைக் கொண்டுவந்தார்கள். டெல்லியில் தனிமைப்படுத்திய கூடத்தில் சோதித்து, 2005இல் அசாமிலும் 2006இல் கேரளத்திலும் விட்டார்கள். நிலைக்கவில்லை. அசாமின் கொடிகளில் சில அந்தத் துருவுக்கு முழுதாக இடம் கொடுக்காத வகை. கேரளக் கொடிகள் இடம் கொடுத்தன. அங்கும் துரு கொஞ்சம் பரவி அடங்கிப்போனது. இதே துரு பப்புவா நியூ கினியிலும் ஃபிஜியிலும் வேரூன்றிப் பரவிவிட்டது. ஆண்டு முழுவதும் ஈரம் இருக்கும் தீவுகள் அவை. அங்கே பல இடங்களில், மீண்டும் மீண்டும் விட்டார்கள். நாம் சில இடங்களில் விட்டுப் பார்த்துவிட்டு, முடியவில்லை என்று எழுதி வைத்துவிட்டோம். இரண்டாவது முயற்சிக்குப் பணம் கேட்பது இங்கே ஏன் இவ்வளவு கடினம் என்பதைத் தனியாக ஒருநாள் பேசலாம்.

நோயை விடுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? காற்றில் போகும் வித்து வேலி பார்க்காது. உங்களுக்குக் களை, அடுத்தவருக்குப் பிழைப்பு என்றால் என்ன செய்வது? 'பேட்டர்சன் சாபம்' என்று ஆஸ்திரேலியக் கால்நடைக்காரர்கள் திட்டும் ஓர் ஊதாப்பூச் செடி இருக்கிறது. குதிரையின் ஈரலைக் கெடுக்கும். அதே செடியைத் தேனீ வளர்ப்போர் கொண்டாடுவார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் வறண்ட காலத்தில் ஆட்டுக்கு அதுதான் தீனி. அதன் மேல் பூச்சிகளை ஏவ அரசு முனைந்தபோது, 1980இல் தேனீக்காரர்களும் சில பண்ணைக்காரர்களும் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். அதன் விளைவாக 1984இல் உயிரியல் கட்டுப்பாட்டுக்கென்றே ஆஸ்திரேலியா தனிச் சட்டம் இயற்றியது. இரு தரப்பையும் விசாரித்து, நன்மை தீமை எடை போட்டு, பிறகே விட வேண்டும்.

வேடிக்கை பாருங்கள், அதே 1984இல் விக்டோரியா மாநிலத்தில் பிளாக்பெர்ரி முட்புதரில் திடீரென்று ஒரு துரு தோன்றியது. அது அரசு கொண்டுவந்ததில்லை. யாரோ ஐரோப்பாவிலிருந்து கமுக்கமாகக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சிலி நாட்டில் 1973இல் அந்தத் துருவை விட்டுப் பலன் கண்டதை அறிந்த எவரோ பொறுமை இழந்திருக்க வேண்டும். வந்தது எந்த வகை, எதைத் தாக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், முறையாக நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சி குழம்பியது. ஆஸ்திரேலியாவில் பிளாக்பெர்ரி என்பதே பல இனங்களின் கூட்டம். சில நோய்ப்பட்டன, பல தப்பித்தன. சோதித்த வகையை 1991இல்தான் முறைப்படி விட முடிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருமுறை விட்டுவிட்டு இயற்கையிடம் ஒப்படைக்கும் வழி. பூசணத்தைக் களைக்கொல்லி மருந்துபோலத் தயாரித்து, டப்பாவில் அடைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் போடும் வழியும் உண்டு. அமெரிக்காவில் 1981இல் டிவைன், 1982இல் காலீகோ என்று இரண்டு பொருள்கள் பதிவாயின. இரண்டுமே மேய்ச்சல் நிலத்துக்கானவை அல்ல. ஒன்று ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு, மற்றது நெல்லுக்கு. டிவைன் வணிகத்தில் அடிபட்டதற்குக் காரணம் அதன் திறமைதான். ஒருமுறை போட்டால் மண்ணில் தங்கி ஆண்டுக்கணக்கில் களையைக் கொன்றுகொண்டிருந்தது. வாங்கியவர் மறுபடி கடைக்கு வரவில்லை. அதிலிருந்த உயிரி, நம் தென்னையில் குருத்தழுகலை உண்டாக்கும் அதே இனம். எனவே ஃப்ளோரிடாவில் நடந்ததைப் பொள்ளாச்சியில் யாரும் செய்துவிடக் கூடாது.

மேய்ச்சல் நிலத்துக்கென்றே முயன்றவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். முள்ளுச்செடி ஒன்றுக்கும், மாடுகள் ஒதுக்கும் பட்டர்கப் என்ற மஞ்சள் பூச்செடிக்கும் ஸ்க்லெரோட்டினியா என்ற அழுகல் பூசணத்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இது துருவுக்கு நேரெதிர்க் குணம் கொண்டது. 400க்கு மேற்பட்ட செடி இனங்களைத் தாக்கக்கூடியது. புல் வகைகளை மட்டும் பெரும்பாலும் விட்டுவைக்கும் என்பதால் மேய்ச்சல் நிலத்தில் அதைப் போடலாம் என்று கருதினார்கள். பக்கத்தில் பீன்ஸோ சூரியகாந்தியோ இருந்தால் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று வித்துகள் பறக்கும் தொலைவைக் கணக்கிட்டுப் பாதுகாப்பு எல்லை வகுத்தார்கள். செடியின் குணம் தராத பாதுகாப்பை இடைவெளியால் ஈடுகட்டும் முயற்சி. பனியோ மழையோ சரியாகக் கிடைக்காத ஆண்டில் பலனும் கிடைக்காது என்பதுதான் இத்தகைய மருந்துகளின் பொதுவான நோவு.

ஈரத்தின் தயவே வேண்டாம் என்று ஒரு வழியைக் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பார்க்கின்சோனியா என்ற மஞ்சள் பூ முள்மரம் அங்கே மேய்ச்சல் நிலங்களில் பெருந்தொல்லை. நம் கண்மாய்க் கரைகளிலும் அந்த மரம் உண்டு. அங்கே சில இடங்களில் அந்த மரங்கள் கூட்டமாகத் தாமாகவே பட்டுப்போயிருந்தன. போய் அறுத்துப் பார்த்தார்கள். தண்டுக்குள் சில பூசணங்கள் கிடைத்தன. அந்தப் பூசணங்களை வளர்த்து, நாம் விழுங்கும் மாத்திரைக் கூடு மாதிரிச் சின்னக் கூட்டில் அடைத்து, மரத்தில் துளையிட்டு உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். இலை நனைய வேண்டியதில்லை. பனிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து எதையும் இறக்கவும் இல்லை. அது இன்று பதிவு பெற்று விற்பனையில் இருக்கிறது.

சீமைக்கருவேலத்துக்கு இப்படி ஏதாவது உண்டா என்று நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். தென்மாவட்டங்களின் மேய்ச்சல் புறம்போக்கையும் கண்மாயையும் அது எப்படி விழுங்கியது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. காற்றில் பரவும் நோயை விட்டால் அவர்களிடமும் அனுமதி கேட்டிருக்க வேண்டும். பேட்டர்சன் சாபத்தின் வழக்கு அதைத்தான் சொல்கிறது. அடுத்தது, நம் கோயில்களில் தல மரமாக நிற்கும் வன்னி அதற்கு நெருங்கிய உறவு. சோதனை வரிசையில் வன்னிக்குத்தான் முதல் இடம். ஆகவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து துருவைக் கொண்டுவருவதைவிட, இங்கேயே ஏற்கெனவே அந்த மரத்தைக் கொல்லும் பூசணம் எதுவும் இருக்கிறதா என்று தேடி, துளையிட்டு வைக்கும் வழியில் முயல்வதே நமக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. வேண்டிய மரத்துக்கு மட்டும் வைக்கலாம். வேண்டாதவரின் மரத்தை விட்டுவிடலாம்.

அதற்கு உங்கள் உதவி தேவை. சீமைக்கருவேலமோ பார்த்தீனியமோ, யாரும் வெட்டாமல் மருந்தடிக்காமல், ஓரிடத்தில் கூட்டமாகக் கருகியோ வாடியோ நிற்பதைக் கண்டால், தொலைந்தது சனியன் என்று பிடுங்கி எரித்துவிடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி உயிரோடு இருக்கும் கிளை ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, பக்கத்தில் உள்ள வேளாண் கல்லூரியின் பயிர் நோயியல் துறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், வேர்த்து அழுகிவிடும். நோயுற்ற இலையை நீங்களாக எடுத்துப்போய் வேறொரு காட்டில் தேய்த்துப் பார்க்கும் வேலையும் வேண்டாம்.